சிங்கிளா, டபுளா? சைலன்சர் மாற்றுவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர் பிரியாணிக் கடைகளின் வாசலைப் பார்த்தால் போதும், தென்னிந்தியாவில் என்னென்ன பைக் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஊர்ப் பைக்காரர்களும் விடியலில் கிளம்பி தேசிய நெடுஞ்சாலை 48-ல் வந்து சேர, இதுதான் நடுவழி. கேடிஎம் ஆர்சி, யமஹா ஆர்15, ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650, எப்போதாவது ஒரு ஹயபுசா. இவற்றில் பலவற்றில் கம்பெனி கொடுத்த சைலன்சர் இருக்காது. அங்கே நிற்கும் உள்ளூர்ப் பையன்களும் காட்பாடி கல்லூரி மாணவர்களும் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, டபுள் சைலன்சர் போட்டா பிக்கப் ஏறுமா?”

ஏறாது. ஏன் ஏறாது, எந்த வண்டிக்கு இரண்டு பொருந்தும் என்பதற்குச் சைலன்சரைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து வெளியே வரும் பெண்ட் பைப்பில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அதில் எரிந்த வாயு மட்டும் ஓடுவதில்லை. கூடவே ஓர் அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் அகலமாகும் இடத்திலோ இன்னொரு குழாயோடு சேரும் இடத்திலோ அந்த அலையின் ஒரு பகுதி, குறைந்த அழுத்த அலையாக மாறித் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்து, புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர வழிவிடும். தப்பான நேரத்தில் வந்தால் அந்த உதவி கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூடான புகையில் அலை விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். பெண்ட் பைப் 80 சென்டிமீட்டர் நீளம் என்றால் போய்வர 1.6 மீட்டர், ஏறத்தாழ 3 மில்லி விநாடி. எஞ்சின் 7,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 8.6 மில்லி விநாடி. ஆக, அலை திரும்புவதற்குள் கிராங்க் மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். அதே எஞ்சின் 3,500-ல் ஓடினால் ஆறில் ஒரு பங்குதான் சுற்றியிருக்கும். ஒரே நீளக் குழாய் இரண்டு வேகத்துக்கும் சரியாகப் பொருந்த வழியே இல்லை. கம்பெனிக்காரர்கள் நீளம், விட்டம், சேரும் இடம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள். அந்தச் சமரசம் முழுவதும் சைலன்சருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் எத்தனை டப்பா தொங்குகிறது என்பதற்கு அதில் பங்கு குறைவு.

“எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும்” என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. புகை வெளியேறுவதைத் தடுப்பதால் எந்த எஞ்சினுக்கும் லாபம் கிடையாது. அதற்கு வேண்டியது சரியான நேரத்தில் திரும்பும் அலை. அகலக் குழாய் போட்டதும் கீழ் வேகத்தில் இழுவை குறைவதைப் பார்த்துவிட்டுப் பழியை பேக் பிரஷர் மேல் போட்டுவிட்டார்கள். இழுவை குறைந்தது அலையின் நேரம் மாறியதாலும் பெட்ரோல் கலவை ஒத்துப்போகாததாலும்தான்.

இனி வண்டிகளுக்கு வருவோம். இந்தச் சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் மிகுதியானவை ஒற்றைச் சிலிண்டர்: ஆர்15, ஆர்சி 390, ஆர்ஆர் 310. ஒரு சிலிண்டர், ஒரு பெண்ட் பைப். அதன் முனையில் ‘ஒய்’ வடிவ இணைப்பு வைத்து இரண்டு சைலன்சர் மாட்டுவது, ஒரே ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு வாசல் வைப்பது போலத்தான். வாயு அதே வாயு. அது இரண்டாகப் பிரிகிறது. கூடுதலாக வருவது எடை, இன்னொரு வெல்டிங், கசிய இன்னொரு இடம். ஆர்ஆர் 310-ல் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது; காற்று முன்னால் நுழைந்து, புகை பின்னால் வெளியேறும். மற்ற வண்டிகளை மனத்தில் வைத்து வளைத்த குழாய் அங்கே உட்காராது.

ஒற்றைச் சிலிண்டருக்கு இரட்டை சைலன்சர் என்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவாவும் யெஸ்டியும் ஒரே சிலிண்டரில் இரண்டு குழாயோடுதான் வந்தன. சிலிண்டரிலேயே இரண்டு வெளியேறும் துளைகள். பக்கத்துக்கு ஒரு சைலன்சர். 2018-ல் திரும்பி வந்த ஜாவாவும் அந்தத் தோற்றத்தை விடவில்லை. அங்கே இரட்டைக் குழாய் எஞ்சினோடு சேர்த்தே வரையப்பட்டது, முனையில் வந்து ஒட்டவைத்ததல்ல. அந்த வண்டிகளை வாங்கியவர்களுக்கும் அது அழகுக்காக என்று தெரியும்; யாரும் பிக்கப்புக்காக என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இரட்டைச் சிலிண்டருக்கு வந்தால்தான் கேள்விக்கு உயிர் வருகிறது. 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் 648 சிசி. ஏறக்குறைய 47 குதிரைத்திறன். பக்கத்துக்கு ஒரு சைலன்சர். கிராங்க் 270 டிகிரியில் அமைந்திருப்பதால் வெடிப்புகள் சீரான இடைவெளியில் விழாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 270 டிகிரி, அதிலிருந்து அடுத்ததற்கு 450. கேட்டால் கொஞ்சம் நொண்டுவது போன்ற தாளம். இந்த வண்டிக்கு மாற்று சைலன்சர் தேடுபவருக்கு மூன்று வழி.

முதல் வழி, பெண்ட் பைப்பைத் தொடாமல் பின்னால் உள்ள இரண்டு டப்பாவை மட்டும் மாற்றுவது. ஸ்லிப்-ஆன் என்பார்கள். தோற்றமும் சத்தமும் மாறும். எடை கொஞ்சம் இறங்கும். சக்தி மாற்றம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால் அதிசயம். இரண்டாவது, இரண்டு குழாயையும் எஞ்சினுக்கடியில் ஒன்றாகச் சேர்த்து ஒரே சைலன்சர் வைப்பது. இதில் உண்மையான லாபம் இருக்கிறது. ஒரு சிலிண்டரின் வாயு வேகமாகப் பாயும்போது சேரும் இடத்தில் அழுத்தம் குறைந்து, மற்றதைக் காலி செய்ய உதவும். சரியாக வரைந்த சேர்ப்புக் குழாய் நடு வேகத்தில் இழுவையைக் கூட்டும். ஒரு முழு சைலன்சரின் எடையும் போய்விடும். தாளமும் ஒரே வாயிலிருந்து வருவதால் அந்த நொண்டல் இன்னும் தெளிவாகக் கேட்கும். மூன்றாவது, சேர்க்காமலே இரண்டையும் முழுதாகத் தனித்தனி நேர்க்குழாயாக விடுவது. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பக்கமும் தனி ஒற்றைச் சிலிண்டர் வண்டி போலக் கத்தும். ஒன்றுக்கொன்று உதவும் வாய்ப்பும் போய்விடும்.

பழைய ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் இங்கே சிரிப்பார்கள், அவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த அந்த யமஹா ஆர்டி350, டூ-ஸ்ட்ரோக் இரட்டைச் சிலிண்டர். டூ-ஸ்ட்ரோக்கில் குழாயின் வயிறு பெருத்து மறுபடி குறுகுவதே எஞ்சினின் ஓர் உறுப்பு. வெளியே தப்பிய புதுக் கலவையை அதுதான் திருப்பி உள்ளே தள்ளுகிறது. சிலிண்டருக்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்த வண்டிக்கு டபுள் என்பது விதி.

நான்கு சிலிண்டரில் கதை நேர்மாறு. 1969-ல் வந்த ஹோண்டா சிபி750-க்கு நான்கு சிலிண்டருக்கு நான்கு சைலன்சர். பார்க்க ராஜ கம்பீரம். இரண்டே ஆண்டில் ஜப்பானியரான ஹிடியோ யோஷிமுரா, பந்தயத்துக்காக நான்கையும் ஒரே குழாயில் சேர்த்தார். எடை குறைந்தது, சக்தி கூடியது. அன்றிலிருந்து பந்தய வண்டிகளின் வழக்கமே மாறிப்போனது. ஹயபுசாவில் நான்கு குழாய் இரண்டாகி, ஒன்றாகி, பிறகு மறுபடி இரண்டு பெரிய சைலன்சராகப் பிரிகிறது. 1,340 சிசி எஞ்சினின் சத்தத்தை விதிக்குள் அடக்க அவ்வளவு கொள்ளளவு வேண்டும்; இரு பக்கமும் ஒத்த தோற்றமும் கிடைக்கும். அதில் ஒரு பக்கத்தைக் கழற்றி ஒரே சைலன்சர் ஆக்குபவர்கள் செய்வது எஞ்சின் கணக்கில் தப்பில்லை. தப்பு வேறிடத்தில் வரும், சொல்கிறேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே கழித்துவிடலாம். இரண்டு சைலன்சர் வைத்தால் இரண்டு மடங்கு சத்தம் வராது. ஒரே அளவு கத்தும் இரண்டு பொருள்களைச் சேர்த்தாலே கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். இங்கே ஒரே எஞ்சினின் புகைதான் இரண்டாகப் பிரிகிறது, அந்த 3 டெசிபலும் நிச்சயமில்லை. சத்தத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருப்பது. கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும். அலை முட்டி மோதி அடங்கும். வெளிச்சந்தை சைலன்சர்கள் பலவற்றில் ஓட்டைகள் போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வுல், வாயில் கழற்றக்கூடிய ஒரு குட்டித் தடுப்பு. அதற்குப் பெயர் டிபி கில்லர். வாங்கிய அன்றே கழற்றி எறியப்படும் பொருளும் அதுதான். கிளாஸ் வுல் காலப்போக்கில் கருகி உதிரும். ஆறு மாதத்துக்கு முன் கேட்ட மென்மையான உறுமல் மெல்ல மெல்லத் தகரச் சத்தமாகும். மறுபடி அடைக்க வேண்டும். டபுள் என்றால் அந்தச் செலவும் டபுள்.

சட்டத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. புது மோட்டார் சைக்கிளுக்கு அனுமதித்த சத்தம் 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி வண்டி கடக்கும்போது 7.5 மீட்டர் தூரத்தில் வைத்து அளப்பது இது. நின்ற இடத்தில் முறுக்கி, செல்போன் ஆப்பில் பார்த்த எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, பொது இடத்தில் சத்தம், புகை அளவுகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸ் தகுதியும் 3 மாதம் போகும். அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றினால் 182ஏ(4) பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அல்லது இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்சி புக்கில் சைலன்சர் என்று ஒரு வரியே இல்லையே என்று வாதாடுவோர் உண்டு. சத்தப் பிரிவு அந்த வாதத்துக்குக் காத்திருப்பதில்லை. சைலன்சரில் ஐரோப்பிய ‘ஈ’ முத்திரை இருக்கிறது என்பதும் வேலூர் கிரீன் சர்க்கிளில் நிற்கும் போக்குவரத்துக் காவலரிடம் செல்லாது.

இதே வட்டாரத்துக்கு மாசுச் சட்டம் புதிதல்ல. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. அன்று டேனரி ஒன்றுக்கு விதித்த அபராதமும் 10,000 ரூபாய்தான். தொகை ஒத்துப்போனது தற்செயல். ஆனால் சத்தமும் மாசுதான்; வேலூர் நகரின் நடுவே சிஎம்சி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது 2000-ஆம் ஆண்டு விதி. டிபி கில்லர் கழற்றிய எந்த சைலன்சரும், ஒன்றோ இரண்டோ, ஐடா ஸ்கடர் சாலையில் இரவு பத்து மணிக்குப் போக எந்த நியாயமும் இல்லை.

ஹயபுசாக்காரரிடம் சொல்ல மீதி வைத்தது இதுதான்: காட்டலிடிக் கன்வெர்ட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்6 வண்டிகளுக்குப் புகை விதி கடுமை. நச்சு வாயுவை மாற்றும் அந்தப் பாகம் சில வண்டிகளில் பெண்ட் பைப்பிலும், சிலவற்றில் எஞ்சினுக்கடியில் உள்ள பெட்டியிலும் இருக்கும். ஸ்லிப்-ஆன் மட்டும் போட்டால் அது பெரும்பாலும் தப்பிவிடும். முழு சிஸ்டம், அதாவது வால்விலிருந்து வால்வரை மாற்றினால், அதுவும் சேர்ந்து போய்விடும். பெண்ட் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அடைத்தால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும். சென்சார் இருந்தாலும் அது கலவையைச் சரிசெய்வது சீரான வேகத்தில்தான். முழுசாக முறுக்கும்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தன் மனப்பாடக் கணக்கையே நம்பும். அந்தக் கணக்கு பழைய குழாய்க்குப் போட்டது. கலவை பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். ஆக்சிலேட்டரை விட்டதும் ‘டப் டப்’ என்று வெடிப்பதை வீரமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிவது, அல்லது கேஸ்கட் வழியே காற்று புகுவது. முழு சிஸ்டம் போட்டால் சக்தியை அளக்கும் டைனோவில் வைத்து ட்யூன் செய்யும் செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

சூட்டைப் பற்றி விற்பவர் சொல்லமாட்டார். நம் ஊரில் பின்னால் உட்காரும் பெண்கள் பலர் இடப்பக்கம் கால் போட்டு ஒருக்களித்து உட்காருவார்கள். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது. வழக்கமான சைலன்சர் வலப்பக்கம். டபுள் வைத்ததும் இடப்பக்கச் சூடு நேராகக் கணுக்காலுக்கும் புடவை ஓரத்துக்கும் வரும். கம்பெனி சைலன்சரில் இருக்கும் சூட்டுத் தகடு வெளிச்சந்தைப் பொருளில் பெரும்பாலும் இருக்காது. அம்மாவையோ மனைவியையோ ஏற்றிப் போகும் வண்டி என்றால் இந்த ஒரு காரணமே சிங்கிளுக்குப் போதும்.

ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் குரோம் பதனிட்ட தோலைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு: துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது. நன்றாகப் பதனிட்டது சுருங்காது. ஆனால் ஓடும் வண்டியின் பெண்ட் பைப் பல நூறு டிகிரி. அதில் அழுத்தினால் அந்தத் தோலும் சுருங்கி இறுகும். நைலானைப் போல உருகிச் சதையோடு ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. காலுக்கு அருகே குழாய் வளையும் சிஸ்டம் போட்டவர் தோல் பூட்ஸ் போடாமல் வண்டி எடுக்கக்கூடாது.

வாணியம்பாடி தாண்டி ஏலகிரி ஏறுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த வளைவுகளில் எஞ்சின் 3,000-லிருந்து 5,000 சுற்றுக்குள்தான் வேலை செய்யும். இன்டர்செப்டரின் இழுவையில் 80 விழுக்காடு 2,500 சுற்றிலேயே கிடைக்கும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. பந்தய சிஸ்டம் போட்டு மேல் வேகத்தில் இரண்டு குதிரைத்திறன் சேர்த்து, அந்தக் கீழ் இழுவையை விட்டுக்கொடுப்பது இந்த மலைக்கு நஷ்டம். தாழ்வாகத் தொங்கும் இரட்டைச் சைலன்சர் என்றால் சாயும் பக்கமெல்லாம் தரையில் உரசும். ஒற்றை என்றால் ஒரு பக்கத்தில்தான் அந்தப் பயம்.

ஆகவே, ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு டபுள் வேண்டவே வேண்டாம். 650 போன்ற இரட்டைச் சிலிண்டருக்கு, சாலையில் ஓட்டுபவர் கம்பெனி ஜோடியை வைத்திருப்பதே நல்லது. மாற்றியே தீர வேண்டும் என்றால், கம்பெனியே தன் துணைப்பொருள் பட்டியலில் விற்கும், விதிக்கு உட்பட்ட ஸ்லிப்-ஆன். இரண்டை ஒன்றாக்கும் சிஸ்டம் நிஜமாகவே நல்ல பொருள்தான், ஆனால் அதன் இடம் இதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். வண்டியை அங்கே கொண்டுபோய்த்தான் மாட்ட வேண்டும். வெளிநாட்டு டைட்டேனியம் சிஸ்டம் லட்சத்தைத் தாண்டும். அதே பெயர் ஸ்டிக்கரோடு சில ஆயிரத்துக்குக் கிடைப்பது போலி. கையில் தூக்கிப் பாருங்கள், எடையும் வெல்டிங் கோடும் சொல்லிவிடும்.

மாட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சூடேறி ஆறி போல்ட்டுகள் தளரும்; ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள், கேஸ்கட்டைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்டாக் சைலன்சரை எடைக்குப் போடாமல், துணியில் சுற்றி வீட்டிலேயே வையுங்கள். வண்டியை விற்கப் போகும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.